காரம் போன புகையிலை

சம்பங்கியின் புகையிலையில் காரம் இல்லை என்று முதலில் சொன்னது பெருமாள்தான். தங்கச் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை அவருக்கு. காலை ஷிப்டு முடிந்து, ஆளை மேலே ஏற்றிவருகிற கேஜிலிருந்து இறங்கியவர், வழக்கம்போல அவளுடைய தோட்டத்து வேலியோரம் நின்று, ஒரு துண்டு வாங்கிக் கடைவாயில் அடக்கிக்கொண்டார். ரெண்டு தரம் மென்றார். முகத்தைச் சுளித்து ஓரமாகத் துப்பினார்.

"இன்னா சம்பங்கி இது? வைக்கோலாட்டம் கீது."

"முதல் பறிப்புண்ணா. அடி எலை. மேல் எலை பறிச்சா சரியாப்பூடும்."

"போன வருசம் அடி எலையே நாக்கப் பொத்து உட்டுதே!" என்றார் பெருமாள். பிறகு அவள் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கீழ கீறவன் காரத்தயெல்லாம் உறிஞ்சிக்கினானோ இன்னாவோ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

கீழே இருப்பவன் என்றால் முனியப்பன். சம்பங்கியின் புருஷன். கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம் பங்குனி மாதத்தில், பாறை சரிந்து ஒரு லெவலின், அதாவது அடியில் ஓடுகிற சுரங்கப்பாதையின், உள்பக்கம் அடைத்துக்கொண்டது. ஏழு பேர் உள்ளே மாட்டினார்கள். ஒரு உடம்பும் மேலே வரவில்லை. மூன்றாம் நாள் அந்த லெவலின் வாயில் கல் வைத்துப் பூசினார்கள். மேலே தரையில் இருந்த சாஃப்டு என்கிற செங்குத்துக் குழியின் வாயையும் மரக்கட்டை போட்டு மூடி, முள்கம்பி சுற்றிவிட்டார்கள்.

அதற்கப்புறம் சம்பங்கிக்குப் பிழைக்க ஏதாவது வேண்டுமே என்று, கம்பெனி நிலத்தில் கொஞ்சம் பயிர் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். எந்த இடம் வேண்டும் என்று கேட்டதற்கு, அவள் அந்த முள்கம்பிக்கு அடுத்தாற்போல இருந்த தரிசைக் காட்டினாள். நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிற ஆள் ஒருவன், முனியப்பன் மாட்டிக்கொண்ட லெவல் சரியாக அந்தத் தரிசுக்கு அடியில்தான் ஓடுகிறது என்று ஒருமுறை அவளிடம் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் கேட்டாள். வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

புகையிலை வேலை அவளுக்குப் புதிதல்ல. குடியாத்தம் பக்கத்தில் அவள் அப்பன் வீட்டில் அதுதான் பயிர். நாற்றைப் பேத்தமங்களாவிலிருந்து வாங்கி வந்து நட்டாள். செடி இடுப்புயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டாள். நுனி போனால் செடி மிரண்டு, இலையில் காரத்தை ஏற்றும் என்பது சின்ன வயதிலேயே தெரிந்த சங்கதி. அந்த முதல் வருஷத்து இலை எல்லாரையும் அசத்திவிட்டது. ஒரு துண்டு போட்டால் அரை ஷிப்டு தாங்கும் என்றார்கள். சுரங்கத்துக்குள் சுருட்டுப் பிடிக்க முடியாதவர்கள் எல்லாரும் அவள் இலைக்குத்தான் வந்தார்கள். அது ஏழு பேர் மேலே விளைந்த இலை, அதனால்தான் அந்தக் காரம் என்றும் கூலிக்காரர்கள் குடியிருந்த லைனில் ஒரு பேச்சு எழுந்தது. சம்பங்கி காதில் விழாததுபோல இருந்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளும் அப்படித்தான் நம்பினாள். முனியப்பன் கீழேயிருந்து கொடுக்கிறான்.

ரெண்டாம் வருஷமும் குறையில்லை. இந்த மூன்றாம் வருஷத்தில்தான் எல்லாம் கெட்டது.

முதலில் செடி வாடியது. விடியலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும், உச்சிப்பொழுதில் இலையெல்லாம் காதைத் தொங்கப்போட்டுவிடும். சாயங்காலம் மெல்ல நிமிரும். மறுநாள் மறுபடியும். அப்புறம் புழு வந்தது. முந்தின வருஷங்களிலும் பச்சைப்புழு வந்ததுதான். இலையை ரெண்டு கடி கடித்துவிட்டுச் சோர்ந்து, சுருண்டு, மண்ணில் விழுந்து கிடக்கும். இந்த வருஷம் அது விழவில்லை. விரல் பருமனுக்குக் கொழுத்தது. நரம்பை மட்டும் விட்டுவிட்டு இலையைச் சல்லடை ஆக்கியது. முழங்காலுக்கு மேல் வளராத செடிகள்கூட, சாகப் போகிற அவசரத்தில் இருப்பவைபோல, பருவத்துக்கு முன்னால் பூ விட்டன.

பெருமாள் சொன்னது அவள் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. கொடுத்தவன் இப்போது திரும்ப எடுக்கிறான். ஏன் எடுக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பங்குனி மாதத்துக் காலையில் அவர்களுக்குள் ஒரு சண்டை. அற்ப விஷயம், குடத்துத் தண்ணீரைப் பற்றி. கோபத்தில் அவள் அவனுடைய புகையிலைப் பையை எடுத்துக் கேழ்வரகுப் பானைக்குள் ஒளித்துவிட்டாள். மூங்கில் தட்டி வைத்த அந்த வீடு முழுக்க அவன் தேடினான். ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. வெறும் வாயோடு போனான். அப்படியே போய்விட்டான்.

அதனால் முள்கம்பிக்குள் தினமும் ஒரு துண்டு இலையை எறிய ஆரம்பித்தாள். "எடுத்துக்க, துன்னு. செடிய வுடு" என்பாள். செடி இன்னும் மோசமாகத்தான் ஆனது.

தை மாதத்தில் ஒருநாள், நடு மத்தியானம், வாடிக் கிடந்த ஒரு செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். கை மண்ணில் பதிந்திருந்தது. அப்போது உள்ளங்கையில் அது தட்டியது. குவார்ட்ஸ் கல்லை இடிக்கிற மில் அந்த ஊரில் ஓய்வதே இல்லை, அதன் அதிர்வு அங்கே வாழ்கிறவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. இது அது இல்லை. மூன்று தட்டு. கொஞ்சம் நின்று மறுபடி மூன்று. அவள் குனிந்து காதை மண்ணில் வைத்தாள். மூன்று. பிறகு ஒன்றும் இல்லை.

மூன்று என்றால் என்னவென்று லைனில் எல்லாருக்கும் தெரியும். கேஜுக்கு மணியை மூன்று தரம் அடித்தால், ஆள் மேலே வருகிறது என்று அர்த்தம்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கு மறுநாளும். உச்சிவெயிலில் செடியெல்லாம் தலை தொங்க, அவள் மண்ணில் காது வைத்துக் கிடப்பதை ஷிப்டு மாறிப் போகிறவர்கள் பார்த்தார்கள். அந்தப் பக்கமாக நடப்பதைச் சிலர் விட்டார்கள். இலை வாங்க யாரும் வரவில்லை.

நாலாம் நாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். செடியைக் கீழேயிருந்து பிடித்துக்கொண்டிருப்பது அவன் கைதானா என்று பார்த்துவிடுவது. ஒரு செடியின் தண்டை அடியோடு பற்றினாள். "வுடு, மாமா. நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். செடி கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு மண்ணோடு வந்துவிட்டது.

அவள் வேரைப் பார்த்தாள். நல்ல வேர் என்றால் நூல் நூலாகத் தாடிபோல இருக்கும். இது அப்படி இல்லை. வேர் நெடுகக் கணு கணுவாகப் புடைத்து, வேலை செய்து வீங்கிய ஆம்பளைக் கையின் விரல் மொளிபோல இருந்தது. ஒன்றல்ல, ஒரே தண்டில் நாலைந்து கைகள். அவள் செடியை வீசிவிட்டு ஓடினாள்.

அடுத்த தட்டி வீட்டில் இருந்தவள் பாக்கியவதி. கிறிஸ்தவக் குடும்பம். அவளுடைய மூத்த அண்ணன் பேத்தமங்களாவில் குத்தகைக்குப் பயிர் வைப்பவர். சம்பங்கி சொன்னதைக் கேட்டுவிட்டு, அரிவாள்மணையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். கிடந்த செடியைப் பொறுக்கி, ஒரு முடிச்சை மணையில் வைத்து அறுத்தாள்.

"பாரு. ரத்தமா வருது? உள்ள வெள்ளையா கீது, அவ்ளோதான்."

"அப்ப இது இன்னாக்கா?"

"எங்க அண்ணன் கத்திரிக்காத் தோட்டத்துல இதே மாதிரி வந்துது. வேர்ல முடிச்சு விழுற நோவு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி உள்ள பூந்துகினு கீதாம். ஒரே மண்ணுல திரும்பத் திரும்ப ஒரே பயிர் வெச்சா வரும்ன்றாரு. நீ வாங்குன நாத்துலயே வந்திருக்கும்."

"வேர்ல பூச்சின்னா, மேல புழு இன்னாத்துக்குக் கொழுக்குது? காரம் எங்க போச்சு?"

பாக்கியவதி அரிவாள்மணையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சம்பங்கிக்குப் பதில் வேண்டியிருந்தது. பூச்சியா, புருஷனா என்று தெரியாமல் இனி ஒரு வாய்க் களி அவளுக்கு இறங்காது.

வேலிக்கு வெளியே, புதுசாகக் கொத்திய மண்ணில், அவளே வீட்டுப் பின்னால் விதை போட்டு முளைக்கவைத்த அஞ்சு செடி நின்றது. அதுவரை அதைச் சட்டை செய்யவில்லை. அதில் ஒன்றைத் தோண்டிப் பார்த்தாள். வேர் சுத்தமாக, தாடிபோல இருந்தது. தோட்டத்தில் கொழுத்துக்கிடந்த புழுக்களைப் பொறுக்கி, மீதி நாலு செடியிலும் விட்டாள். தோட்டத்துக்குள் ஒரு வரிசையில் தினமும் ரெண்டு வேளை புழுவை ஒன்று விடாமல் பொறுக்கினாள். இன்னொரு வரிசையை அப்படியே விட்டுவிட்டாள். காலையும் மாலையும் ஒவ்வொரு செடியிலும் ஒரு நகக்கண் அளவு பச்சை இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அடிக்கடி தலை சுற்றிக் குமட்டியது. நீராகாரத்தைக் குடித்துவிட்டு மறுபடி வைத்தாள்.

நாலு நாளில் தெரிந்துவிட்டது. புது மண்ணுச் செடியில் விட்ட புழு, ரெண்டு நாள் தின்றது. மூன்றாம் நாள் அந்தச் செடியின் இலை, கடிபடாத மேல் இலைகூட, நாக்கைச் சுட்டது. நுனியைக் கிள்ளினதுபோலவே செடி மிரண்டிருக்கிறது. கீழே வேர் சமைத்த காரத்தை மேலே ஏற்றியிருக்கிறது. நாலாம் நாள் புழுக்கள் சோர்ந்து உதிர்ந்தன. தோட்டத்துச் செடியோ கடிபடக் கடிபடச் சப்பென்றே இருந்தது. ஏற்ற வேண்டும் என்று அதற்கும் தோன்றியிருக்கலாம். ஏற்றுகிற வேர்தான் முடிச்சாகிக் கிடக்கிறதே. புழு பொறுக்கின வரிசை மட்டும், முடிச்சு வேரோடேயே, எப்படியோ தாக்குப்பிடித்து நின்றது. மேலே புழுவும் கீழே பூச்சியுமாக ரெண்டு பக்கமும் கடி விழுந்த செடிகள் பட்டுப்போயின.

"காரம் எலையில ஊறலக்கா" என்று அவள் பாக்கியவதியிடம் சொன்னாள். "வேர்லதான் ஊறுது. வேர்ல கை வெச்சுட்டா மேல கடிக்கிறவனை அதால ஒண்ணும் பண்ண முடியல. ஒரு பக்கம் கடிச்சா தாங்கும். ரெண்டு பக்கமும் கடிச்சா இன்னா பண்ணும், பாவம்."

"அப்ப பூச்சிதான். உன் ஊட்டுக்காரர் இல்ல. இப்பவாவது நிம்மதியா இரு."

நிம்மதி வரவில்லை. அன்றைக்குச் சம்பங்கி அடுப்பு மூட்டாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டாள். கொடுத்ததும் அவன் இல்லை, எடுத்ததும் அவன் இல்லை. மூன்று வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தது வெறும் மண்ணோடு. கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, கீழே ஒருவன் இருக்கிறான் என்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ஆனால் மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் சும்மா மண்ணில் கை வைத்தாள். மூன்று தட்டு வந்தது.

அதுவரை தட்டைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அன்றைக்குப் பாக்கியவதியிடம் சொன்னாள்.

"முடிச்சு பூச்சி. சரி. இது இன்னா? மூணு மூணா தட்டுது. ஆள் வருதுன்னு."

பிசைந்துகொண்டிருந்த மாவில் பாக்கியவதியின் கை அப்படியே நின்றது. "மூணா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பாய்லர் ஷெட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள்.

ஒரு நாழிகையில் அவள் தம்பி ஏனோக்கை இட்டுக்கொண்டு வந்தாள். ஏனோக் அந்த லெவலில் இருந்தவன். சரிவில் மாட்டியவர்களில் தப்பித்து வந்த ஒரே ஆள். இடது கை நசுங்கிப்போய், அதற்கப்புறம் மேலே பாய்லருக்குக் கரி தள்ளுகிற வேலையில் இருந்தான். இந்த மூன்று வருஷமும் சம்பங்கியைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவான். புருஷன் செத்தவளைப் பார்க்கச் சங்கடப்படுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

வாசலில் நின்றான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, நான் உங்ககிட்ட ரெண்டு விசயம் சொல்லணும். சொன்ன அப்பால நீங்க என்ன இன்னா வேணா பண்ணுங்க."

"சொல்லு."

"அன்னைக்கி அண்ணன் வேல செஞ்சது ஏணிப் பக்கம். வாசல்ல. நான் உள் கோடில இருந்தேன். வாயில ஒண்ணும் இல்லாம அவருக்கு வேல ஓடல. ஏனோக்கு, ஒரு துண்டு போயிலை குடுடான்னு கேட்டுகினு என் பக்கம் வந்தாரு. ஊட்டுக்காரி ஒளிச்சி வெச்சிட்டான்னு சொல்லிச் சிரிச்சாரு. நான் பையப் பிரிச்சிகினு இருக்கறப்போ மேல கல்லு பிளந்துது. என் கை மாட்டிக்கிச்சி. அவரு கடப்பாறையால நெம்பி, என்னை இழுத்து, முன்னால தள்ளிவுட்டாரு. நான் இந்தாண்ட வந்து விழுந்தேன். அப்ப ரெண்டாவது சரிவு. அவரு அந்தாண்ட."

பாக்கியவதி தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏணிப் பக்கம் இருந்தவங்க?" என்று சம்பங்கி கேட்டாள்.

"அங்க கல்லு விழல."

சம்பங்கி தரையைப் பார்த்துக் கேட்டாள்: "நான் ஒளிச்சி வெக்காம இருந்திருந்தா?"

ஏனோக் நல்ல கையால் முகத்தைத் துடைத்தான். "நீங்க ஒளிச்சி வெக்காம இருந்திருந்தா நான் இங்க நின்னு பேசமாட்டேன்க்கா."

"ரெண்டாவது இன்னா?"

இதைச் சொல்லத்தான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "தட்டுனாங்கக்கா. கல்லுக்கு அந்தாண்டயிருந்து. என்னைத் தூக்கிகினு போறதுக்கு முன்னாடி நான் கேட்டேன். மூணு மூணா. ஆள் மேல வருதுன்னு. மறுநாள் கைக்குக் கட்டு போட்டதும் நானே திரும்ப இறங்கிப் போயி கல்லுல காது வெச்சேன். அப்பவும் தட்டிச்சி. ஷிப்டு துரைகிட்ட சொன்னேன். கல்லு இறுகுது, அந்தச் சத்தம்னாரு. உள்ள கல்லு இன்னும் விழுது, தோண்டுனா இன்னும் பத்து பேரு போவான்னாரு. மூணாம் நாளு பூசிட்டாங்க. நான் வாய மூடிகினேன். எனக்கு மேல வேல குடுத்தாங்க. மூடிகினேன்."

பாக்கியவதி அழ ஆரம்பித்தாள். சம்பங்கி அழவில்லை. எழுந்து தோட்டத்துக்குப் போனாள். ஏனோக்கும் பின்னாலேயே வந்தான். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, அவனுடைய நல்ல கையைப் பிடித்து மண்ணின் மேல் வைத்து அழுத்தினாள். வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. செடிகள் நிமிரத் தொடங்கியிருந்தன. மில் இடித்துக்கொண்டே இருந்தது.

"கேக்குதா?"

"இல்லக்கா."

"எனக்கும் இப்ப கேக்கல" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் கையை விடாமல், மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள்.

அந்த வாரம் முழுக்கச் சம்பங்கியும் ஏனோக்குமாகச் செடிகளைப் பிடுங்கினார்கள். பாக்கியவதியின் அண்ணன் சொல்லியனுப்பினபடி, ஒரு வேர்த் துணுக்குகூட மண்ணில் விடாமல் கிளறி எடுத்துக் குவித்துக் கொளுத்தினார்கள். ஈர வேர் புகைந்து புகைந்து எரிந்தது. புகை முள்கம்பியைத் தாண்டி, மரக்கட்டை போட்டு மூடிய சாஃப்டின் மேல் வெகுநேரம் தங்கியிருந்தது.

ஏனோக் ஆபீசுக்குப் போய், தான் கேட்டதைச் சொன்னான். மூன்று வருஷத்துக்கு முந்தின கதையை இப்போது கிளப்புகிறாயா என்றார்கள். ஒருத்தரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. மறுவாரம் பாய்லரில் அவனுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் அங்கிருந்து நேராகப் பாதிரியாரிடம் போனான். செத்துப்போன ஏழு பேருடைய பேரையும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் படிக்க வேண்டும் என்று கேட்டான். அதில் ரெண்டு பேர்தான் நம் சபை என்றார் பாதிரியார். "ஏழு பேருந்தான்யா தட்டுனாங்க" என்றான் ஏனோக். அவர் சரி என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பங்கி கோயிலுக்குள் போகவில்லை. வெளியே, சன்னலோரம் நின்றாள். பெருமாளும், இன்னும் சில கூலிக்காரர்களும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். உள்ளே பேர் படிக்கப் படிக்க, ஒவ்வொன்றுக்கும் சபையார் ஆமென் சொன்னார்கள். ஆறாவதாக முனியப்பன் பேர் வந்தது. அவளுக்கு ஆமென் சொல்லத் தெரியாது. ஆனால் பேர் கூப்பிட்டால் யாராவது குரல் கொடுக்க வேண்டும் என்று பட்டது. ஷிப்டில் பேர் கூப்பிடும்போது, இருக்கிறேன் என்பதை அவன் எப்படிச் சொல்வானோ அப்படியே, சன்னல் வழியாக, "கீறேன்" என்றாள்.

பாதிரியார் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தார். பிறகு ஏழாவது பேரைப் படித்தார்.

திங்கட்கிழமை காலையில் பேத்தமங்களாவிலிருந்து பாக்கியவதியின் அண்ணன் மாட்டுவண்டி அனுப்பியிருந்தார். அங்கே ஏரிக்குக் கீழே அவருடைய குத்தகை நிலத்தில் ஒரு துண்டை சம்பங்கியும் ஏனோக்குமாகப் பார்த்துக்கொள்வதென்று பேச்சு. முதல் வருஷம் கேழ்வரகு போடுவதாக இருந்தார்கள். சம்பங்கி ஒரு பாயும் ரெண்டு பானையும் ஏற்றிவிட்டு, வண்டியின் பின்பக்கம், ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். சுரங்கத்துக் கழிவு மணல் மேடும் புகைபோக்கியும் மறைகிறவரை அவள் தலையைத் திருப்பவில்லை. அப்புறம் முன்பக்கமாக நகர்ந்து, ஏனோக்கிடமிருந்து தலைக்கயிற்றை வாங்கிக்கொண்டாள். ஒரு கையால் மாடு ஓட்ட அவனுக்குச் சிரமமாக இருந்தது.